முக்காட்டைப் பிடித்த விரல்கள்

லண்டன்
22.01.2005

அன்பின் றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். விமானம் தாமதம் என்பதைத் தவிர வழியில் சொல்ல ஒன்றுமில்லை. அறை நான் விட்டுப்போன மாதிரியே இருந்தது. மேசையில் பாதி குடித்த தேநீர்க் கோப்பை, அதில் பூஞ்சணம். கழுவி வைத்தேன்.

உன் கால் எப்படி? தையல் வெட்ட வரச்சொன்ன நாளில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனாயா? மஜீட் மச்சான் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

போன் எடுத்தால் நீயும் கதைப்பதில்லை, நானும் கதைப்பதில்லை. உன் மூச்சும், பின்னால் முகாமில் யாரோ குழாயடியில் சண்டைபிடிப்பதும்தான் கேட்கிறது. அதனால் எழுதலாம் என்று நினைத்தேன். கடிதமென்றால் ஏதாவது ஒன்றை எழுதித்தானே ஆகவேண்டும்.

பேராசிரியை துக்கம் விசாரித்தார். விரும்பினால் லீவு எடுக்கலாம் என்றார். எடுத்து என்ன செய்வது என்று வேலைக்குப் போய்விட்டேன். கோட்டை இராச்சியத்துத் தந்தப் பேழைகளைப் படிக்கவென்று பேராதனையிலிருந்து புறப்பட்டு வந்தவனை இப்போது பாரிஸ் நகரத்துத் தந்தச் சிலைகளுக்கு நடுவில் இருத்தியிருக்கிறார்கள். எழுநூறு வருடத்துக்கு முந்தியவை, எல்லாம் கிறிஸ்தவர்களின் வணக்கத்துக்குச் செய்தவை. முன்பென்றால் இதைக் கேட்டு நீ சிரித்திருப்பாய்.

உனக்கு விசா அலுவல் தொடங்கட்டுமா? யோசித்து எழுது.

உன்
முஸ்தாக்


மருதமுனை
20.03.2005

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

கடிதம் கிடைத்தது. தபால்காரர் முகாம் பள்ளிக்கூட வாசலில் நின்று பேர் கூப்பிட்டுத்தான் கொடுக்கிறார். "முஸ்தாக்ட பொஞ்சாதி ஆரு?" என்று கேட்டபோது முகாமில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். இப்போதெல்லாம் அப்படித்தான்.

கால் ஆறிவிட்டது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மருத்துவமாதுக்கு இப்போது வேலை கூட. கிளினிக் கட்டடம் இல்லாததால் வேப்பமரக் கொப்பில் தராசைக் கட்டிப் பிள்ளைகளை நிறுக்கிறோம். பெரியநீலாவணைக் கிளினிக்கும் போய்விட்டது. அங்கே இருந்த தங்கரத்தினம் அக்காவும் என்னோடு ஒரே மரத்தடியில்தான். அவவை உங்களுக்குத் தெரியாது. வெற்றிலை போடுவா, சத்தமாய்க் கதைப்பா. பிள்ளைகளைக் கொண்டுவரும் தாய்மார் "ஒங்களுக்கு ஏலுமா தங்கச்சி?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஏலும் என்கிறேன். உண்மையிலேயே ஏலுகிறது. அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

வாப்பா எனக்குச் சீதனமாய்த் தந்த வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருக்கிறது. கடலிலிருந்து அளந்து கட்டை அடித்திருக்கிறார்கள். கட்டைக்குக் கடல் பக்கம் இனி வீடு கட்டக் கூடாதாம். நம் வளவு கடல் பக்கம்.

நீங்கள் வந்து நின்ற இரண்டு கிழமையும் மையவாடிக்குப் போய்ப் போய் வந்தீர்கள். எந்த இடம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது மச்சான். எல்லோரையும் ஒன்றாகத்தான் அடக்கினார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், நீங்கள் விமானத்தில் இருந்தீர்கள். மஜீட் காக்காதான் மகளை அடையாளம் கண்டார்.

விசாவைப் பற்றி இப்போது எழுதவேண்டாம்.

இப்படிக்கு
றஹீமா


லண்டன்
18.06.2005

அன்பின் றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வெயில் காலம் வந்துவிட்டது. சனங்கள் புல்லில் படுத்துக் கிடக்கிறார்கள். நான் சுகம்.

பேராசிரியை எனக்கென்று ஒரு சிலையைத் தந்துவிட்டார். ஆய்வு முழுதும் இனி அதன் மேல்தான். அதன் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஈஸா நபியின் தாயார் மர்யம் அலைஹஸ்ஸலாம் பிள்ளையைத் தூக்கி நிற்பதாகச் செய்திருக்கிறார்கள். ஒரு சாண் உயரம்தான். அவர்கள் இதை வீட்டில் வைத்து, முன்னால் முழங்காலில் நின்று வணங்குவார்களாம்.

உடம்பு இடப்பக்கம் வளைந்து நிற்பதைப் பார். பழைய ஆய்வாளர்கள் இந்த வளைவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மகனுக்கு வரப்போகும் துன்பத்தை முன்பே அறிந்த தாயின் சோகம் என்று ஒருவர். அரண்மனைப் பெண்களின் ஒய்யாரம் என்று இன்னொருவர். ஆனால் யானைத் தந்தம் வளைந்தது. வளைந்த பொருளில் நிமிர்ந்த பெண்ணைச் செதுக்கினால் பாதித் தந்தம் வீணாகும். செதுக்கியவன் தந்தத்தின் போக்கிலேயே போயிருக்கிறான், அவ்வளவுதான். வெண்மையைத் தூய்மையின் அடையாளம் என்று அக்காலத்துப் பாதிரிமார் சொன்னார்கள். அதைக்கூட முழுதாக நம்ப முடியாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உடுப்பின் ஓரத்தில் பொன்னும் உள்மடிப்பில் நீலமும் ஒட்டியிருக்கின்றன. செய்தபோது அது வெள்ளையாகவே இருக்கவில்லை.

எனக்கு இந்தப் பேச்சுப் பிடித்திருக்கிறது. பொருள் எதைச் செய்தது, மனிதன் எதை நினைத்தான் என்று பிரித்துப் பார்ப்பது.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். பிள்ளை இல்லை. தாயின் இடக்கை மடிந்து வெறுமையாக நிற்கிறது. முக்காட்டின் ஓரத்தில், நெஞ்சுக்குச் சற்று மேலே, மூன்று சின்ன விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பிள்ளை எப்படிப் போனது என்பதுதான் என் முதல் அத்தியாயம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
முஸ்தாக்


மருதமுனை
09.08.2005

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

இப்போது பள்ளிக்கூடத்தை விட்டு எங்களைப் பலகை வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தகரக் கூரை. பகலில் உள்ளே இருக்க முடியாது. காக்காவின் குடும்பம் பக்கத்துப் பலகை வீட்டில். அவருடைய பிள்ளைகள் இருமினால் எனக்குக் கேட்கிறது.

உங்கள் படம் கிடைத்தது. அதைக் குர்ஆன் வைக்கும் பலகைக்குக் கீழே சாத்தி வைத்திருந்தேன். காக்கா கண்டுவிட்டார்.

"என்ன புள்ள இது? உருவம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வருவாங்களா?"

"மர்யம் அலைஹஸ்ஸலாம் காக்கா."

"ஆரா இருந்தாலும் உருவம் உருவம்தான். லண்டனுக்குப் போய் இவன் என்ன படிக்கிறான்?"

பிறகு அவரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

மச்சான், அந்த விரல்களை நானும் பார்த்தேன்.

பிள்ளை எப்படிப் போனது என்று கண்டுபிடித்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு
றஹீமா


லண்டன்
14.01.2006

அன்பின் றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். ஊர் ஆட்கள் இரண்டு பேரைக் கண்டேன். அபூசாலி என்று சாய்ந்தமருதுக்காரர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். போகவில்லை.

நீ கேட்டிருந்தாய். மூன்று கட்சி இருக்கிறது.

ஒரு கட்சி சொல்கிறது, பகைவர்கள் உடைத்தார்கள் என்று. இருநூறு வருடத்துக்குப் பிறகு அங்கே கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சிலை வணக்கத்துக்கு எதிராகக் கலகம் வந்தது. கோயில்களுக்குள் போய்ச் சுத்தியலால் அடித்தார்கள். தாயிடமிருந்து பிள்ளையைத் தட்டி எடுத்திருக்கலாம். பேராசிரியை இந்தக் கட்சி.

இரண்டாவது கட்சி, கவலையீனத்தால் விழுந்தது என்கிறது. வீட்டில் வைத்து வணங்கியது, கைக்குக் கை மாறியது. தூக்கிய யாரோ தவறவிட்டிருக்கலாம்.

மூன்றாவது, பிள்ளை முதலிலிருந்தே வேறு துண்டு என்பது. தந்தம் அகலம் போதாவிட்டால் பிள்ளையைத் தனியாகச் செதுக்கி முளை அடித்துப் பொருத்துவார்கள். காலப்போக்கில் முளை சுருங்கிப் பிள்ளை கழன்றிருக்கும். அப்படியென்றால் யார் மேலும் பிழையில்லை.

விரல்கள் முக்காட்டைப் பிடித்திருப்பதற்கும் அர்த்தம் சொல்கிறார்கள். பிற்காலத்தில் மகனைச் சிலுவையில் அறையும்போது தாய் அந்த முக்காட்டை எடுத்துத்தான் அவர் உடம்பை மறைத்தாள் என்று அவர்களிடம் ஒரு கதை. அதனால் பிள்ளை பிடித்திருப்பது தன் உடலை மூடப்போகும் கபன் புடவையையாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் கைக்கு எட்டியதைப் பிடிக்கும்.

எதையும் முடிவாகச் சொல்ல இன்னும் காலம் ஆகும். விரல் முடியும் இடத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். தட்டி உடைந்ததா, தவறி விழுந்ததா, கழன்றதா என்பதை அந்த வெட்டுமுகம் சொல்லும்.

குளிர் அதிகம். நீ அனுப்பிய கைத்தறிச் சாறன்கள் கிடைத்தன.

உன்
முஸ்தாக்


மருதமுனை
27.08.2006

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்களுடைய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதவில்லை. வேலை என்று சொல்லலாம்.

மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. மூதூர்ப் பக்கத்துச் சனங்கள் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்து போனதாகக் கதைக்கிறார்கள். இங்கே பின்னேரமானால் கடை பூட்டு. பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் நடுவில் அதிரடிப்படை நிற்கிறது. என் மருந்துப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறார்கள். தங்கரத்தினம் அக்காவின் மகன் டிலக்சனைப் போன மாதம் யாரோ கூட்டிப்போனார்கள். படையா, இயக்கமா, எந்தப் பகுதி என்று தெரியாது. அவ அடுத்த நாளும் வேலைக்கு வந்தா. பிள்ளைகளை நிறுத்தா. நான் ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பது?

உங்கள் கடிதங்களில் சிலையைப் பற்றி நிறைய இருக்கிறது. விரலின் வெட்டுமுகம், அது இது என்று. நான் எல்லாவற்றையும் வாசிக்கிறேன். இரண்டு தரம் வாசிக்கிறேன்.

றஹீமா


லண்டன்
22.04.2007

அன்பின் றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் கண்டு நாளாகிவிட்டது. கிழக்கில் சண்டை முடிகிற மாதிரி இங்கே செய்தி சொல்கிறார்கள்.

அனுமதி கிடைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். விரல்கள் முடியும் இடத்தில் உடைவு இல்லை, றஹீமா. உடைந்திருந்தால் தந்தத்தின் நார் கிழிந்து முரடாக இருக்கும். இது மட்டமாக இருக்கிறது. மெல்லிய அரக் கீறல்கள் ஒரே பக்கமாகப் போகின்றன. செதுக்கியவன் தானே அராவிய முகம் அது. தாயின் கை மடிப்புக்குள் மெழுகு அடைத்த ஒரு துவாரத்தையும் கண்டேன். முளை இருந்த துவாரம்.

விரல்களைத் தாயின் துண்டிலும் உடம்பை வேறு துண்டிலும் செய்து, விரலடியில் பொருத்தியிருக்கிறான். ஆகவே யாரும் தட்டவில்லை. யாரும் தவறவிடவுமில்லை. பொருத்து விட்டுப்போனது, அவ்வளவுதான்.

பேராசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. முளையால் பொருத்தியதையும் ஒருவன் பிடுங்கலாம்தானே என்கிறார். அதையும் மறுக்க முடியாது. தாய் அதைத் தடுத்திருக்க முடியுமா என்று கேட்பது போல இருக்கிறது சில நேரம் இந்த விவாதம். கல்லுக்கும் தந்தத்துக்கும் தடுக்க ஏது கை.

கோடையில் இதை ஒரு கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன். உனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

உன்
முஸ்தாக்


மருதமுனை
15.07.2007

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தட்டி எடுத்தார்களா, தவறவிட்டாளா, தானாகக் கழன்றதா. ஒவ்வொரு கடிதத்திலும் முக்காட்டைப் பிடித்த விரல்கள். தாய் தடுத்திருக்க முடியுமா. நேரே கேட்க உங்களுக்கு முடியவில்லை, எனக்கு அது விளங்குகிறது. மகள் முக்காட்டைப் பிடித்திருந்தாள் என்று காக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பார். படத்தைப் பார்த்த அன்றைக்கே நினைத்தேன், இவர் அதைத்தான் கேட்கிறார் என்று. எனக்குக் கோபம் வந்தது. பிறகு கோபமும் இல்லை. இதோ எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. நான் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். ஹஸ்னா வாசலில் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பக்கமிருந்து மீராசா காக்கா ஓடி வந்தார். மீன் வாடியில் இருப்பாரே, அவர்.

"கடல் வருது! புள்ளையத் தூக்கிட்டு ஓடு!"

கடல் எப்படி வரும் என்று நான் நின்றேன். அவர் இன்னொரு தரம் கத்தினார். அடுப்பை அணைக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் ஓடினேன். "உம்மா, செருப்பு" என்றாள். செருப்புப் போடவில்லையாம். "மறுகாப் போடுவோம்" என்றேன். முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய பழக்கம். நித்திரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதானே போவாள்.

தண்ணீர் பின்னால் வரும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அது பக்கவாட்டில் வந்தது. வேலியையும் மதிலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு கறுப்பாய் வந்தது. மகள் என் கழுத்தில் முகத்தை வைத்தாள். நான் கலிமாச் சொன்னேன், அவளும் சொன்னாள், பாதி. பிறகு ஏதோ என் தோளில் அடித்தது.

அதற்குப் பிறகு எனக்குள் ஒன்றும் இல்லை. இருட்டுக்கூட இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த இடம் இல்லவே இல்லை.

பள்ளிவாசல் விறாந்தையில் கிடந்தேன். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று மீராசா காக்கா சொல்வது கேட்டது. தலையில் முக்காடு இல்லை. யாரோ ஒரு பெண் சாறன் ஒன்றை என் தலையில் போட்டாள். என் இடக்கை மடிந்தபடியே இருந்தது. நிமிர்த்த முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத்தான் நிமிர்த்தினார்கள்.

நான் விட்டேனா, அவள் விட்டாளா, தண்ணீர் பிரித்ததா என்று எனக்குத் தெரியாது. உங்கள் மூன்று கட்சியில் எந்தக் கட்சிக்கும் என்னிடம் சாட்சி இல்லை. வெட்டுமுகத்தைப் பார்க்க என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. யார் மேலும் பிழையில்லை என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். அது எனக்காக எழுதியது என்று தெரியும். நன்றி. ஆனால் அதுவும் உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுதுங்கள்.

றஹீமா


லண்டன்
02.09.2007

அன்பின் றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. 

நான் கேட்கவில்லை, றஹீமா. அல்லாஹ்வின் மீது சத்தியமாகச் சொல்கிறேன், சிலையைப் பற்றித்தான் எழுதினேன். மஜீட் மச்சான் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு முக்காட்டைப் பிடித்திருந்தாள் என்பது உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சிலையைத் தேர்ந்தெடுத்தது பேராசிரியை, நான் அல்ல.

எங்கள் துறையில் அடிக்கடி நடப்பதுதான் இது. தந்தம் வளைந்ததால் சிலை வளைகிறது. பார்ப்பவர் அதைச் சோகம் என்று படிக்கிறார். அவர் மேல் பிழையில்லை. தன் மனதில் இருப்பதை அவர் அங்கே காண்கிறார். நீயும் என் கடிதங்களை அப்படித்தான் படித்துவிட்டாய் போலிருக்கிறது. இவ்வளவு காலமும் நான் உன்னை விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாயே என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

உன்னை நான் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. அந்த நாளைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. சிலை இருக்கும் மேசைக்குப் போனால் தலைக்குள் சத்தம் இல்லாமல் இருக்கும். அதனால்தான் அதைப் பற்றியே எழுதினேன். உனக்கு எழுத என்னிடம் வேறு என்ன இருந்தது?

தயவுசெய்து மனதை வருத்தாதே. இனிச் சிலையைப் பற்றி எழுதவில்லை.

உன்
முஸ்தாக்


லண்டன்
30.11.2008

அன்பின் றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ எழுதாமல் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மஜீட் மச்சானுக்குப் போன் எடுத்து நீ வேலைக்குப் போகிறாய், சுகமாய் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன். "எழுதச் சொல்லுறன், அவ கேக்கிறா இல்ல" என்கிறார்.

சிலையைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன். இந்த ஒரு தரம் மன்னித்துக்கொள்.

போன வாரம் எனக்கு வாய்மொழிப் பரீட்சை நடந்தது. வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார், வயதானவர், மென்மையாகக் கதைப்பவர். ஆய்வு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தச் சிலையைப் படித்த எல்லோரும் பிள்ளை கையில் என்ன வைத்திருந்தது, பழமா பறவையா, அதன் அர்த்தம் என்ன என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் பாதி ஆய்வைப் பிள்ளை எப்படி விட்டுப்போனது என்பதற்குச் செலவழித்திருக்கிறீர்கள். ஏன்?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். முறைமை, பொருள், வெட்டுமுகம் என்று சொல்ல எல்லாம் இருந்தது. ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தார்கள். குடித்தேன்.  அவர்கள் ஆளை ஆள் பார்த்துவிட்டு வேறு கேள்விக்குப் போனார்கள்.

நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய், றஹீமா. நான்தான் என் கடிதங்களை வாசிக்கவில்லை.

பட்டம் தந்துவிட்டார்கள். இங்கேயே வேலையும் கிடைத்திருக்கிறது. நீ வா. அல்லது நான் வருகிறேன். இம்முறை வந்தால் ஹஸ்னாவைப் பற்றிக் கதைப்போம். நீ சொல்வதையெல்லாம் கேட்பேன். ஒரு வரி போதும், எழுது.

உன்
முஸ்தாக்


மருதமுனை
21.06.2009

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்துக்குச் சுணங்கித்தான் பதில் எழுதுகிறேன். பட்டம் கிடைத்தது சந்தோசம். அல்லாஹ் அதில் பரக்கத் செய்யட்டும்.

போன மாதம் யுத்தம் முடிந்துவிட்டது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பால்சோறு கொடுத்தார்கள். அன்றைக்கும் எனக்குக் கிளினிக். தங்கரத்தினம் அக்கா தராசுக்குப் பக்கத்தில் இருந்தா. வெடிச் சத்தம் கேட்கக் கேட்க வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தா, வாயில் போடவில்லை. டிலக்சன் வன்னியில் இருந்தான் என்று கடைசியாய் ஒரு கதை வந்ததாம். முகாம்களில் பேர் இல்லை. நான் கிட்டப் போய் இருந்தேன்.

"அக்கா, டிலக்சன் கடைசியா என்ன சாப்பிட்டுப் போனான்?" என்று கேட்டேன்.

அவ திடுக்கிட்டுப் பார்த்தா. "இதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல புள்ள" என்றா. பிறகு சொன்னா. பிலாக்கொட்டைக் கறி, கறியில் உப்புக் கூடிவிட்டதென்று முணுமுணுத்தது, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை இருந்தேன்.

அந்தக் கேள்வியை நான் அவவிடம்தான் படித்தேன் மச்சான். சுனாமிக்குப் பிறகு, வேப்பமரத்தடியில், வேலைக்குத் திரும்பிய முதல் நாள், என்னைத் தெரியாத அந்த மனுசி சத்தமாய்க் கேட்டா, "உன்ட புள்ள கடைசியா என்ன கதைச்சா?" என்று. பக்கத்தில் நின்றவர்கள் பதறிப்போனார்கள். நான் சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

உங்கள் கடிதத்தைப் பற்றி எழுதவேண்டும். நீங்கள் என்னைக் குற்றம் சொல்கிறீர்கள் என்று நான் நினைத்திருந்த காலத்தில் எனக்குக் கோபமும் இருந்தது. ஆனால் ஒரு ஆள் இருந்தார். லண்டனில் இருந்துகொண்டு, நான் விழித்திருக்கும் அதே இடத்தில் அவரும் விழித்திருக்கிறார் என்று நினைத்தேன். அதை நம்பித்தான் எல்லாவற்றையும் எழுதினேன். நீங்கள் கேட்கவே இல்லை, நினைப்பதே இல்லை என்று பதில் வந்தது. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குற்றம் சொல்லியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கடிதத்துக்குப் பிறகு பலகை வீட்டில் நான் தனியாக இருந்தேன். அதுவரை தனியாக இருந்ததில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இப்போது நான் படித்தது சரி என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அது உங்களுக்கு ஒரு பரீட்சகர் கேட்டுத்தான் தெரிந்தது. எனக்குத் தங்கரத்தினம் அக்கா கேட்டா. நாம் இரண்டு பேரும் ஆளை ஆள் கேட்கவில்லை. நானும்தான். செய்தி வந்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள், யார் பக்கத்தில் இருந்தார், விமானத்தில் என்ன நினைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கப் போவதில்லை. இனி அதைக் கேட்க வேறு ஒருவர் வேண்டும் உங்களுக்கு. அது நான் இல்லை.

விவாகரத்துக் கேட்டுக் காதியாரிடம் பஸஹுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் விலாசத்துக்கு அறிவித்தல் வரும். மறுப்பு இல்லை என்று எழுதி அனுப்பினால் போதும், நீங்கள் வரவேண்டியதில்லை. வேறு நிக்காஹுக்காக நான் இதைச் செய்யவில்லை. காக்கா ஒரு இடம் கதைத்துப் பார்த்தார், நான் ஓம் சொல்லவில்லை. அவருக்கு என் மேல் கோபம். ஆனாலும் காதியாரிடம் கூட்டிப்போனது அவர்தான்.

மையவாடியில் புல் வெட்டித் துப்புரவாக்கியிருக்கிறார்கள். நீங்கள் எப்போதாவது ஊருக்கு வந்தால் போய் ஸியாறத் செய்யுங்கள். அதற்கு என்னிடம் கேட்கத் தேவையில்லை. அவள் உங்களுக்கும் மகள்தான்.

எனக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. கோமாரிப் பக்கம். இவ்வளவு காலமும் அங்கே மருத்துவமாது இல்லை, ஒருவரும் போகமாட்டார்கள். இப்போது பாதை திறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பொத்துவில் பஸ்ஸில் போகிறேன். அங்கே குவாட்டர்ஸ் இருக்கிறதாம், கிணற்றுத் தண்ணீர் நல்லதாம்.

அந்த விலாசத்தை இதில் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல.

அல்லாஹ் உங்களுக்கு நல்லதைச் செய்யட்டும்.

றஹீமா